அறைக்கு ஒரு நிமிடம்

கடன் வாங்கியது ஒரு சமையலறையை.
சனிக்கிழமை, பத்திலிருந்து நாலு.
சிவகௌரி அக்காவின் கணவர் வேலையால் வரமுன்
மேசையும் மேசைத்துணியின் கறையும்
பழைய இடத்தில் இருக்கவேண்டும்.

ஃபோவிங்கல், இரண்டாம் மாடி.
சன்னலுக்கு நேரே, தெருவின் தலைக்குமேல்
தொங்குரயில் போகும்.
தட்டுகள் முதலில் அறியும்,
பிறகு கண்ணாடி,
பிறகுதான் நாங்கள்.
இடம் பார்க்க நான் வந்த அன்றைக்கென்று
ரயில் ஓடவில்லை.

கதை இவ்வளவுதான்.
ஒருத்தி. மேசையில் ஒரு மஞ்சள் உறை.
பிரிக்கிறாள் இல்லை.
கடைசியில் அவள் சொல்ல ஒரு வசனம்.
அந்த ஒன்றை இரண்டு மாதம் எழுதினேன்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்புகள் மடிந்து விழும் இயந்திரத்தின் பக்கத்தில்
கையுறையைக் கழற்றிக் கழற்றி.

மயூரதன் கேமரா.
லென்ஸ் இரவல், திங்கள் காலை திரும்பவேண்டும்.
மைக்கைத் தும்புத்தடியில் கட்டி
தலைக்குமேல் பிடித்து நின்றவன் டெனிஸ்.
தனக்கு இரண்டு தமிழ்ச் சொல் தெரியும் என்பான்,
அதில் ஒன்று "கட்".

யசோமதி கடையில் காசாளர்.
லீவு கேட்டு வந்தவள்.
"நான் இதைப் பிரிச்சால்..."
ரயில்.
"நான் இதைப்..."
ரயில்.
பதினோராவது தடவை
அவள் கண்ணை மூடி விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.
இரண்டரை நிமிடத்துக்குமேல்
ஒரு ஷாட்டும் இந்த வீட்டில் நிற்காது.
நான் கோடுபோட்டு வரைந்து வந்த தாளைத்
தண்டவாளம் வெட்டிக்கொண்டே போனது,
கூலி கேட்காத எடிட்டர்.

மூன்று நாற்பது. முடிந்தது.
"எல்லாரும் ஒரு நிமிசம்
அசையாமல் நில்லுங்கோ," என்றேன்.
யசோமதி கேட்டாள்:
"ஆருக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை.
டெனிஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான்.
கொஞ்சம் பொறுத்து,
"இந்த அறைக்கு," என்றேன்.
வெட்டிய இடங்களில் பூச
ஆளில்லாத சத்தம் கொஞ்சம் வேண்டும்,
வெடிப்புக்குச் சுண்ணாம்பு மாதிரி.

நின்றோம்.
காத்திருக்கும்போது ரயில் வராது.

பிறகு குளிர்காலம் முழுக்க
லேப்டாப்பின் காற்றாடியும் நானும்.
வசனத்தை முன்னால் வைத்தேன்.
பின்னால் வைத்தேன்.
அவள் முதுகின்மேல் வைத்தேன்.
எங்கே வைத்தாலும்
அது நான் எழுதியதாகவே இருந்தது.

கடைசிக் கோப்பு.
கேமராவை நிறுத்த மறந்திருக்கிறான் மயூரதன்.
யசோமதி நிற்கிறாள்,
கையில் அகப்பை,
கதையில் இல்லாத அகப்பை.
பின்னால், மேசையில், பிரிக்காத மஞ்சள்.
உதடுகள் எதையோ எண்ணுகின்றன.
நாற்பதாவது விநாடியில்
ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது.
அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிகிறது.
(அணைத்து வைக்க எனக்கு ஞாபகம் வரவில்லை.
படித்தவர்கள் முதலில் செய்வது அது.)
அவள் திரும்பிப் பார்க்கிறாள்,
பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட யாரோ
பாதி எழுத்தில் விட்டதுபோல.

இரண்டு மாதத்தை அழித்தேன்.
விரல் ஒருதரம் நடுங்கியது.
பொய். மூன்றுதரம்.

படம் இப்போது நாலு நிமிடம் பத்து விநாடி.
எட்டு விழாக்கள் வருந்தின.
ஒன்று என் பெயரைப் பிழையாக எழுதி வருந்தியது.

எல்பர்ஃபெல்டில் ஒரு தேவாலய மண்டபம்.
முப்பத்தொரு கதிரை, பத்தொன்பது பேர்.
சுவர்ப் பக்கமாய் அக்காவின் கணவர்,
தன் சமையலறையை
அடுத்தவன் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு.
ஃபிரிட்ஜ் நின்றது.
அவர் பாதி எழுந்தார்.
இருட்டில் கையை நீட்டிச்
சுவரைத் தடவி
பிளக்கைத் தேடினார்.